பதினாறாம் எழுத்து

விசைப்படகு போகாத ராத்திரியாகப் பார்த்துத்
தேதி குறித்தோம்.
மண்டபம் வடக்குத் துறை,
நண்டும் இறாலும் அனுப்பும் கம்பெனி,
மாடியில் உப்பு தின்ற ரேக்.
அதன் அடித்தட்டில்
பத்தொன்பது வருஷமாய்ப் பேர் சொல்லிக்கொண்டிருந்த சர்வரை
இன்றோடு அணைக்க வேண்டும்.

பேரெல்லாம் சேகு ஜமாலுதீன் வைத்தது.
அவர் பஹ்ரைன் போய் ஏழு வருஷம்.
கணக்குக்கு நெத்திலி.
சம்பளத்துக்குக் கணவாய், கையில் நிற்காது என்பதால்.
சீட்டு அடிக்கும் பிரிண்டருக்குக் காரல்,
தொண்டையில் முள் போலக் காகிதம் சிக்கும்.
இந்த நக்கலை எங்கும் எழுதி வைக்காமல்
விமானம் ஏறிவிட்டார்.

பழைய ஏற்பாடு ஏலக்கூடம் மாதிரி.
"காரல் யாரு, காரல் யாரு" என்று ஒன்று கத்தும்,
நாற்பது பெட்டிக்கும் காதில் விழும்,
ஒன்று மட்டும் "நான்தான்" என்னும்.
கத்தல் எட்டாத தூரத்துக்கு
இந்தச் சர்வர் தூது போகும்.

பேர் பதினைந்து எழுத்துக்குள் இருக்கணும்.
பதினாறாவது ஒன்று உண்டு, சாதாரணமாய்க் கண்ணில் படாது.
இவன் கோப்பு தருகிறவனா,
சேதி வாங்குகிறவனா, கூட்டத்துக்குத் தலைவனா
என்பதை அதுதான் சொல்லும்.
முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது.
நம் பக்கத்திலும் பேர் கேட்டு முடித்ததும்
"எந்தத் தெரு?" என்பார்களே,
அந்த எழுத்து.

புது முறையில் கூச்சல் கிடையாது.
ஒருவரைக் கேட்டால் போதும்.
அவர் உச்சியைக் கேட்பார்.
உச்சி, "எனக்குத் தெரியாது, இன்னாரைக் கேள்" என்னும்,
இன்னார் இன்னொருவரைக் காட்டுவார்.
பெட்டி, பிரிவு, கம்பெனி, நாடு
எல்லாம் வெளிப்படையாகப் பேரிலேயே இருக்கும்.
கடைசியில், யாரும் தட்டாத ஒரு புள்ளி.
அதுதான் வேர்.
வேருக்குப் பேர் இல்லை.

அணைக்கும் முன் பட்டியலை ஒருமுறை உருட்டினேன்.
இறந்த பேரைப் பழசு உடனே அழிக்காது.
கல்லறைக் குறி போட்டு,
சேதி எல்லாருக்கும் எட்டும்வரை வைத்திருக்கும்.
ஓரா என்று ஒன்று அப்படிக் கிடந்தது.
அந்தப் பெட்டியை நான் பார்த்ததே இல்லை.
ஒன்றே காலுக்கு அணைத்தேன்.

நாலு மணிக்கு நம்புவேல் மாடியேறி வந்தார்.
துறையோரக் கொட்டகையில்
நாட்டுப்படகு நண்டு காத்திருக்கு, சீட்டு வரலை.
போய்ப் பார்த்தால்
எடை மெஷின் இன்னும் காரலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
அதன் போர்டிலேயே பேரைச் சுட்டுவைத்திருந்தார்கள்.
மாற்ற வழியில்லை.
செய்த கோயம்புத்தூர்க் கம்பெனியும் இப்போது இல்லை.

ஸ்டோரில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூக்கிவந்து
மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
காரல் என்று பேரிட்டேன்.
கத்தினால் கேட்கும் தூரம்.
கேட்டதைப் புதுப் பேருக்கு அனுப்பிவிடும்.
நேர்த்தியான வேலை இல்லை,
திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லணும்.

வயரைப் பிடித்தபடி நம்புவேல் கேட்டார்,
"தங்கச்சிக்கு எந்த ஊரு?"
ராம்நாடு.
"ராம்நாட்டுல?"
கேணிக்கரைப் பக்கம்.
"கேணிக்கரையில எங்கன?"

டார்ச்சைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கண்ணே, என்றேன்.

காட்டினார்.
கச்சான் கூரைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் போட்டது.
மெஷின் கூப்பிட்டது.
பெட்டி நான்தான் என்றது.
ஆபீஸ் ஜன்னலில் சீட்டு பாதி கிழிந்து வந்தது:
நண்டு, நாற்பத்திரண்டு கிலோ முந்நூறு.

நண்டுக்காரி அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
நாற்பத்து நாலுக்குக் குறையாது,
உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று
சண்டையை ஆரம்பித்தாள்.