மிப்லாதன் சாலையில்

இத்தோ கல்லை முதலில் பார்ப்பதில்லை,
கையில் ஏந்திக் கனம் கேட்கிறாள்.
ஈயம் உள்ளிருந்தால் மணிக்கட்டுக்குத் தெரியும்.

பிறகு, உடைந்த குளியலறை ஓட்டின்
மெருகில்லாத முதுகில் ஓர் இழுப்பு.
பொன்னாய் மின்னியது கரிக்கோடு போட்டது.
கறுத்துக் கிடந்ததோ செங்கோடு.
மேனி பொய் சொல்லும்,
பொடி சொல்லாது.

அட்லஸ் மலைக்குள் என்றோ
மழைநீர் ஈயத்தாதுவில் ஊறி
கரைத்ததைச் சுமந்துபோய்
ஒரு பொந்தில் இறக்கி வைத்தது.
அவசரமில்லை.
அணுக்கள் முண்டியடிக்காமல் நின்றதில்
சிவப்பாய் ஆறு பட்டை.

நேற்றைய பேருந்தில் வந்தவர் கேட்டது
ஊதாச் சாயக் கல்.
எச்சில் தொட்டுத் தேய்த்தும் காட்டினாள்,
விரலெல்லாம் ஊதா.
"பரவாயில்லை, அழகாயிருக்கிறது."

அந்தக் காசில் மாவு, மண்ணெண்ணெய்.
சிவப்போ
வெயில் பட்டால் கறுக்குமென்று
செய்தித்தாள் சுற்றி
பெட்டிக்குள்.