மூன்றாவது கை

நாற்பத்து மூன்று வயதில்
இடக்கைக்கு ஒரு வேலை, வலக்கைக்கு வேறு வேலை,
கால்கள் இரண்டுக்கும் தங்களுக்குள் வழக்கு.
இடக்கை நெம்பை ஒரு விரற்கடை உயர்த்தினால்
மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது.
திருத்த மிதிக்கிறேன், வால் சறுக்குகிறது.
வாலைப் பிடிக்கப் போனால்
தரை என்னை விட்டுவிட்டு
ஓடுபாதை விளக்குப் பக்கம் நடக்கத் தொடங்குகிறது.

"கிட்டப் பார்க்காதே, தூரத்தைப் பார்."
கப்டன் லவோய்க்கு இருபத்தெட்டு வயது.
நான் முதன்முதல் பஸ் ஓட்டிய பனிக்காலத்தில்
அவள் அட்சரகணிதத்தோடு மல்லுக்கட்டியிருப்பாள்.
இப்போது என் தோளைத் தட்டி
"மூச்சு விடு" என்கிறாள்.
விட மறந்திருந்தேன்.

மனிற்றோபா. போர்டேஜ் லா ப்ரேரி.
மலை இல்லை, மறைவு இல்லை,
வாடகை கொடுக்காமல் காற்று குடியிருக்கும் வெளி.

பதினான்கு வருடம் ஸ்காபரோவில்
லோரன்ஸ் வீதி, ஐம்பத்து நாலாம் இலக்க பஸ்.
கதவு திறக்கும், கதவு பூட்டும்.
ஆள்சேர்ப்பு விளம்பரம் என் பஸ்ஸின் விலாவிலேதான்
ஒட்டியிருந்தது.
மூன்று கிழமை ஊருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டு
ஓடியிருக்கிறேன்.
ஒரு பெப்ரவரி இரவு டிப்போவில் இறங்கி
டயரைத் தட்டும்போதுதான் வாசித்தேன்.
வயதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சுகிர்தா கேட்டாள்:
"இந்த நாட்டுக்கு வரி கட்டினது காணாதா?"
பேந்து கடைக்குப் போய்
முழங்காலுக்குக் கட்டுகிற பட்டி இரண்டு வாங்கி வந்தாள்.

கனகசபாபதிப்பிள்ளை என்ற பெயர்
நெஞ்சுப்பட்டியில் கொள்ளவில்லை.
கூடப் படிக்கிற பொடியள் 'பஸ்' என்று கூப்பிடுகிறார்கள்.

அம்மாவுக்கு 'பிளேன்' என்று சொல்லியிருக்கிறோம்.
எங்கள் வீட்டில் மற்றச் சொல்லை
ஒருவரும் வாயால் எடுப்பதில்லை.
ஆஸ்பத்திரிக்குப் போவது கூரைக்கு மேலே கடந்தால்
குசினிக் குழாயை முழுதாகத் திறப்பாள்.
சத்தம் தேயும் வரைக்கும்
இல்லாத கோப்பைகளைக் கழுவுவாள்.

பத்தொன்பதாவது மணித்தியாலம்.
எப்படி என்று தெரியாது, கைகள் வாதாடுவதை நிறுத்தின.
மூன்றடி உயரத்தில், வெறும் காற்றில்,
சிவப்பு விளக்கில் நிற்கிற பஸ் மாதிரி
நின்றேன்.
லவோய் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பாராட்டு அதுதான்.

அதற்கடுத்த கிழமை வயல்களுக்கு மேலே தாழப் பறந்தோம்.
கனோலா மஞ்சள், கனோலா மஞ்சள்,
பிறகு ஹட்டரைட் குடியிருப்பு ஒன்று, அவரைப் பாத்தி,
புள்ளி போட்ட தலைத்துணியோடு ஒரு சிறுமி.
சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கினாள்.

இந்தச் சத்தத்துக்கு ஓடும் பிள்ளை ஒருவனை
எனக்குத் தெரியும்.
அவன் ஓடுவது கீழே,
பனங்குற்றி அடுக்கிய குழிக்குள்,
சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்தபடி.

இவள் வெளியே ஓடி வந்தாள்.
பாத்தியைத் தாண்டி, வேலி வரைக்கும்.
இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினாள்.

இடக்கை நெம்பில். வலக்கை தண்டில்.
விட்டால் விழுவோம்.

"கட்டுப்பாடு உன்னிடம்" என்றேன்.
"என்னிடம்" என்றாள் லவோய்,
ஏன் என்று கேளாமல்.

வியர்த்த கையைக் கண்ணாடிக்கு உயர்த்தியபோது
கீழே திரும்பவும் கனோலா மட்டும்.
ஆனாலும் ஆட்டினேன்.
கொஞ்ச நேரம்.

பின்னேரம் மதிப்பீட்டுத் தாள் வந்தது.
மிதத்தல்: தேறினார்.
தாழ்பறப்பு: காரணமின்றிக் கட்டுப்பாட்டை ஒப்படைத்தார்.
மாணவர் விளக்கம் என்று கீழே ஒரு கட்டம்.
அதை வெறுமையாக விட்டுக்
கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரையும்.
அது கோட்டைத் தாண்டிப் போய்
அந்த வெறுங்கட்டத்துக்குள் முடிந்தது.