மடிப்பில் நிற்கும் நீர்

ரெமிஜியூசுக்கு பிளேடு ஆகாது,
தாடை முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிடும்.
அதனால்தான் அந்த மடக்குக்கத்தி.
மண்டபத்துக்காரன் ஒருவன்
டீசல் கடனுக்குப் பதிலாகத் தந்தது.

படகைப் பிடித்துக்கொண்டு போன அன்று
ஜன்னல் கட்டையில் அது விரிந்தே கிடந்தது.
ஐந்து பேர், ஒரு விசைப்படகு, வலை, மீன்
என்று எண்ணிச் சொன்னார்கள் செய்தியில்.
கத்தி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பாசி அலசிவிட்டு வந்த கையோடு
எடுத்து மடித்து வைத்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.
காலையில் பார்த்தால்
அலகின் மேல் என் பெருவிரல்,
வரி வரியாக, செம்மண் நிறத்தில்.
ரேஷன் கடை மெஷின்கூட
ஒரு நாளும் என்னை
இத்தனை தெளிவாக ஒப்புக்கொண்டதில்லை.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கீறல் விழுந்தது.
எலுமிச்சை பூசினேன், கறுத்தது.
தேங்காயெண்ணெய் தடவினேன்,
நாலே நாளில் பிசுபிசுத்து
எறும்பு வரிசை கட்டியது.
தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்தில்
தையல் கடை ஜெனோவா
மெஷின் எண்ணெய் ஊற்றித் தந்தாள், இருமல் மருந்து மூடியில்.
"பூசுறது பெருசில்ல. பூசிட்டுத் தொடை.
தொடைச்ச பொறவு என்ன மிஞ்சுதோ
அதுதான் காப்பாத்தும்."

செய்தித்தாளை மடித்து, எண்ணெய் தொட்டு,
முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தேன்,
ஒருபோதும் எதிர்த்திசையில் இல்லை.
சிவப்பு தாளில் இறங்கியது.
வரிகள் ஓடிய இடத்தில்
ஊசிமுனைக் குழிகள் நின்றுவிட்டன.
அவற்றுக்கு மருந்து கிடையாது.
இருந்துவிட்டுப் போகட்டும்.
முதுகில் எத்தனை வடு இருந்தாலும் கத்தி சிரைக்கும்.
வாயில் ஒரே ஒரு புள்ளி,
அது கன்னத்தைக் கிழிக்கும்.

தோல் உறையைத் தூக்கிப் போட்டேன், ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது.
பிஸ்கட் டப்பா, அடியில் வறுத்த அரிசி,
செருப்புப் பெட்டியில் வரும்
தின்னக் கூடாத அந்தச் சின்னப் பொட்டலம் இரண்டு.
கச்சான் காற்றுக்கு ஒரு தரம்,
கொண்டல் அடித்தால் இரண்டு தரம்
திறந்து பார்ப்பேன்.
பதினாலு நாள் காவல் என்றார்கள்.
அரிசியை மாற்றினேன்.
இன்னும் பதினாலு என்றார்கள்.
மாற்றினேன்.

அலகைவிட மடிக்கும் இடம்தான் மோசம்.
ஆணிக்கும் பிடிக்கும் நடுவே
ஒரு சொட்டு ஒளிந்தால் கண்ணுக்குத் தெரியாது,
உள்ளேயே இருந்து தின்னும்.
பஞ்சுத் திரியை நுழைத்து இழுத்தேன்.
முதல் தடவை வெளியே வந்தது
காய்ந்துபோன அவனுடைய சோப்பு நுரை,
கூடவே இரண்டு மூன்று மயிர்.
எங்கே போடுவதென்று தெரியாமல்
திரியைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.

எழுபத்தொன்பதாம் நாள் வந்தான்.
தாடியோடு வருவான் என்றிருந்தேன்.
மழுமழுவென்று வந்து நின்றான்.
விடுதலைக்கு முந்தின நாள்
ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரேசர் கொடுத்தார்களாம்.
கழுத்தெல்லாம் கொப்புளம்.

படகு வரவில்லை.
"மயிலிட்டியில கட்டிக் கெடக்கு,
வின்ச்சு பொருக்குப் பொருக்கா உதிருது,"
என்று ஒரே தடவை சொன்னான்.
கடன்காரர் கேட்டபோதுகூட
இன்னொரு தடவை சொல்லவில்லை.

கொப்புளம் ஆற ஒன்பது நாள்.
பத்தாம் நாள் டப்பாவைத் திறந்தான்,
அரிசியை ஊதினான்,
கத்தியை விரித்து வெளிச்சத்தில் திருப்பினான்.
"இதென்ன அம்மத் தழும்பு மாதிரி?"
"நான்தான்."
விரலை அதன் மேல் வைக்கப் போனவன்
என் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

சிரைத்தான். கழுவினான்.
ஒரு உதறு உதறி
ஈரத்தோடு அதே ஜன்னல் கட்டையில் வைத்தான்.
அடுப்படியிலிருந்தே கத்தினேன்,
தெருமுனை வரை கேட்டிருக்கும்.
"தொடைச்சாச்சு," என்றான்.

மடிப்பைத் துடைத்திருக்க மாட்டான்.