செவ்வாய் வற்றம்

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு அட்டவணைகள்,
ஒரே காந்தத்தின் கீழ்.
ஒன்று பீடம் அனுப்பியது.
மற்றது நிலவு அனுப்பியது.
இரண்டிடமும் மாற்றிக் கேட்க முடியாது.

செவ்வாய் காலை எட்டு மணி, கெளுகோர்,
முதலாண்டுப் புள்ளியியல், நூற்று எழுபத்தாறு பேர்.
ஒன்று விட்ட செவ்வாய்களில்
அதே எட்டு மணிக்குத்தான்
பாலிக் பூலாவில் கடல் பின்வாங்கிச்
சேற்றைத் திறந்து வைக்கிறது.
ஐம்பது காசு அகலத்தில் பெலங்காஸ் குஞ்சுகள்
கோடு கிழித்துக்கொண்டு போகும்.
ஒன்பதரைக்குள் எண்ணி முடிக்க வேண்டும்.
நடுவில் மலைச்சாலை. வளைவுகளை எண்ணியதில்லை,
பாதி வளைவுகளில் யாராவது டுரியான் விற்கிறார்கள்.

ஆண்டுப் படிவத்தில் நேர்மையாக இட்டேன்:
கற்பித்தல் அறுபது, ஆய்வு அறுபது,
கூட்டங்கள் பதினைந்து.
நூறைத் தாண்டக் கூடாதென்று
கட்டம் சிவந்தது.
துறைத்தலைவர் நோர்ஹயாத்தி தேநீரை ஆற்றியபடி,
"எல்லாரும் பொய்தான் எழுதுகிறோம்.
நீ கொஞ்சம் கூட்டிப் பார்த்து எழுது."
நாற்பது, நாற்பது, இருபது.
மூன்றும் அடக்கமாக உட்கார்ந்துகொண்டன.

இன்று செவ்வாய். போகவில்லை.
ஞாயிற்றுச் சேறு இன்னும் நகக்கண்ணில்.
திரையில் என் சொந்தத் தரவையே போட்டேன்.
வேறு எடுத்துக்காட்டு தயாரிக்க நேரமில்லை,
அதுதான் உண்மை.
பின்வரிசையிலிருந்து துர்காஷினி,
ஏழு வாரமாக வாய் திறக்காதவள்:
"டாக்டர், மார்ச்சிலிருந்து செவ்வாயெல்லாம் சுழியம்.
நண்டு இல்லையா, நீங்கள் இல்லையா?"

மண்டபம் சிரித்தது.

விடைத்தாள் திருத்தி முடித்த ஒரு பின்னிரவில்
காலிக் கட்டங்களைக் கண்டு மென்பொருள் முரண்டு பிடிக்க
என் விரலே நிரப்பிய சுழியங்கள்.
அவற்றின்மேல் கட்டிய சராசரி
நேற்றுத்தான் இதழுக்குப் போயிருக்கிறது.

ஒவ்வொன்றாக அழித்தேன்,
நூற்று எழுபத்தாறு பேர் பார்க்க.
சராசரி மெல்ல ஏறியது.
காணாததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு, என்றேன்,
பாடத்திட்டத்தில் அது பதினோராம் வாரம்.

பத்தேகாலுக்கு இதழாசிரியருக்கு எழுதினேன்:
தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.
அந்நேரம் கடல் திரும்பியிருக்கும்.

வாசலில் துர்காஷினி.
அடுத்த வற்றத்துக்கு அவள் போய் எண்ணட்டுமா?
அன்று வகுப்பிருக்கிறதே, என்றேன்,
வருகைப் பதிவில் சுழியம் விழும்.

"காலியாக விடுங்கள், டாக்டர்."