அட்டை பிடிப்பவன்

நெல்லித்தோப்பில், கல்யாண மண்டபத்து மாடியில்
சனி இரவு ஒன்பதரை. நேரலை. ஒரு மணி நேரம்.
மார்க்கரில் வசனம், சிவப்பில் குறிப்பு,
அட்டை பிடிப்பது நான்.

இந்த வாரத் தொகுப்பாளர் ஆக்‌ஷன் நாயகன் விக்ராந்தன்.
ஒத்திகைக்கு வரவில்லை.
பியூன் வேஷமா? மேனேஜராக்குங்கள் என்றார்.
மேனேஜரா? கலெக்டர்.
கலெக்டர் எப்படி டீ வாங்கப் போவார்?
காட்சியே டீயைப் பற்றித்தான்.

விளக்கு எரிந்தது.
கண்ணாடி போடமாட்டார்.
அட்டையை மோந்து பார்ப்பதுபோல் குனிந்து
எழுத்துக்கூட்டினார்:
"வணக்கம் புதுச்சேரி சிரிப்புக்கு நிற்கவும்."

நின்றார்.
சிரித்தார்கள்.
அன்றைக்கு வந்ததே அந்த ஒரு சிரிப்புதான்.

தெம்பு வந்து
அடுத்த சிவப்பையும் வாசித்தார்:
"செசிலி தடுக்கி விழ வேண்டும்."
ஓரத்தில் காத்திருந்த செசிலி
இரண்டு காட்சி முன்னதாக ஓடிவந்து
விழுந்தாள்.
விழுவதில் அவளுக்கு அப்படியொரு சுத்தம்.

பதறிப்போய்த் தூக்கிவிட்டார்.
"அடி பட்டுச்சாம்மா?"
எந்த அட்டையிலும் இல்லாத வரி.
நன்றாகவே சொன்னார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
என் கையில் அட்டை மாறிப்போயிற்று.

"நன்றி, வணக்கம்,
அடுத்த சனிக்கிழமை சந்திப்போம்"
என்று கும்பிட்டுவிட்டு
காருக்குப் போய்விட்டார்.

மணி ஒன்பது நாற்பது.
செசிலி என்னைப் பார்த்தாள்.
மறுபடி விழுந்தாள்.