திருத்தக் கோப்பு

மிஷ்ரிஃப். ஆகஸ்ட். பிற்பகல் மூன்று மணி.
ஏசியை அணைக்கச் சொல்லிக் கூலி வாங்குகிறவன்
குவைத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

எத்தனை நிமிடம், என்கிறார் அபூ தலால்.
பன்னிரண்டு.
பன்னிரண்டாவது நிமிடம் இந்த அறை
வெயிலில் நிறுத்திய கார் ஆகிவிடும்.
அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்.

சோபாவின் நடு இருக்கையில்
அவர் காது இருக்கவேண்டிய உயரத்தில்
முக்காலி மேல் மைக்.
பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், கூரையைப் பார்த்தபடி.
அதன் தலையில் அளவுக் குப்பியைக் கவிழ்த்தால்
ஆயிரம் ஹெர்ட்ஸ், தொண்ணூற்று நான்கு டெசிபல்,
மூச்சு வாங்காத ஒற்றைச் சுருதி.
திரை தொண்ணூற்று மூன்று புள்ளி ஆறு என்கிறது.
மீதி நாலு புள்ளியை நான் கூட்டிக் கொடுக்கிறேன்.
குப்பி பொய் சொல்லாது என்பது ஏற்பாடு.

பிறகு ஓட்டம்.
இருபதில் அது ஒலியே இல்லை,
தரைக்கடியில் யாரோ லாரியைத் திருப்புகிறார்கள்.
எண்பதில் கதவுப்பிடி நடுங்கும்.
முந்நூறில் தொண்டை கனைக்கும்
மூவாயிரத்தில் பச்சைக்குழந்தை
பத்தாயிரத்தில் கொசு
பன்னிரண்டுக்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை,
வயது நாற்பத்தாறு.
அதற்கப்பால் காகிதம் சொல்வதுதான் சத்தம்.

காகிதம் என்றால்,
ஒவ்வொரு மைக்கும் தன் குற்றப்பட்டியலோடுதான்
பெட்டியில் வந்து இறங்குகிறது.
இங்கே அரை டெசிபல் கூட்டிச் சொல்வேன்
அங்கே இரண்டு குறைத்துச் சொல்வேன்
பார்த்துச் சரிசெய்துகொள் என்று.
ஃபர்வானியாவில் ஒன்பது வருடத்தில்
என்னோடு அறை பகிர்ந்த யாரும்
இப்படி எழுதிக் கொடுத்ததில்லை.
நானும்தான்.

நாலாவது இருக்கை அளக்கும்போது
கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.
மைக்கின் கழுத்தில் 7031.
திரையில் ஏறியிருக்கும் கோப்பு 7013.

7013 செலஸ்டினுடையது.
மார்ச்சில் தோஹாவுக்கு மாறிப் போனான்,
மைக்கை எடுத்துக்கொண்டு
மடிக்கணினியை எனக்கு விட்டுவிட்டு.
ஐந்து மாதமாக
அவன் மைக்கின் குற்றத்தை
என் மைக்கின் மேல் சுமத்தி வந்திருக்கிறேன்.

விரல்விட்டு எண்ணினேன். விரல் போதவில்லை.
பதினோரு வீடு.
பதினோரு வீட்டிலும் பத்தாயிரத்தில்
இரண்டே முக்கால் டெசிபல் தூக்கல்.
ஸகரம் எல்லாம் சீறுகின்றன.
அகமதியில் எண்ணெய் கம்பெனி வேதமூர்த்தி
நான் கொடுத்த வரைபடத்தைச் சட்டமிட்டு
சுவரில் மாட்டியிருக்கிறார்,
பாலைவனச் சாலைபோல நேரான கோடு.
சல்வாவில் ஓர் அம்மா தொலைபேசியில் சொன்னார்,
படத்தில் யாரோ தேநீர்க் கரண்டியை வைக்கிற சத்தம்
இப்போதுதான் முதல்முறை கேட்டதாம்.
நாலு வீட்டுக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.
நான் நன்றி சொன்னேன்.
அந்த நன்றி இப்போது
காதுக்குள் ஊறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது.

சரியான கோப்பை ஏற்றினேன்.
முதல் இருக்கையிலிருந்து மறுபடி.
பன்னிரண்டு நிமிடம் இருபத்தாறு ஆனது.
சட்டை உடம்பின் இன்னொரு தோல்.
கோடு அடங்கி உட்கார்ந்தது.
என் வேலையிலேயே சுத்தமான வேலை.

அபூ தலால் வந்து உட்கார்ந்தார்.
கார்கள் மோதும் காட்சி, மழைக் காட்சி,
ஒரு பெண் ரகசியம் பேசும் காட்சி.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
நல்லாத்தான் இருக்கிறது, என்றார்.
ஆனால் சல்வாவில் என் தங்கை வீட்டில்
மழை இன்னும் கூர்மையாகப் பெய்கிறதே.

வாயைத் திறந்தேன்.
இருபத்தாறு நிமிடமாக அணைந்திருந்த ஏசி
அந்த நொடியில் உறுமிக்கொண்டு கிளம்பியது.
மூடிக்கொண்டேன்.

ரிமோட்டில் இரண்டு நினைவிடம்.
ஒன்றில் 7031. இரண்டில் 7013.
இதை அழுத்தினால் உங்கள் வீடு,
இதை அழுத்தினால் உங்கள் தங்கை வீடு.
அவர் இரண்டை அழுத்தினார்.
பத்து தினார் கூடுதலாகக் கொடுத்தார்.

இரவு செலஸ்டினுக்குச் செய்தி அனுப்பினேன்.
உன் கோப்பு என்னிடம் இருக்கிறது.
நீ எதை ஏற்றி அளக்கிறாய்?

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.
அட, அதுக்கு ஒரு கோப்பு வேற இருக்கா?
இங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.