மரவரி பாக்கி

நவம்பர் ஒன்றுக்கு நாலு நாள் முன்பிருந்தே
களியக்காவிளையில் என் பிளக்ஸ் மிஷினுக்கு உறக்கம் கிடையாது.
செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள்,
அந்தப் பக்கம் கேரளப் பிறவி.
ஒரே தேதி, ஒரே மை,
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்,
யாருக்கும் தள்ளுபடி இல்லை.

காலையில் ஞானசிகாமணி சார் வந்தார்.
"பத்துக்கு எட்டு. நடுவுல ஆதிச்சன்.
இந்திய விடுதலையின் முதல் வாள், தமிழன். அப்பிடியே அடி."
மதியம் பாறசாலையிலிருந்து பிரபுல்லசந்திரன்.
"சேச்சி, பத்துக்கு எட்டு. நடுவில் ஆதிச்சன்.
பாரதத்தின்றெ ஆத்யத்தெ ரக்தசாக்ஷி.
மலையாளி என்னு வலுதாயிட்டு."

ஆதிச்சன் கம்பெனிக்காரனின்
மிளகுக் கிட்டங்கிக்குத் தீ வைத்தவன்.
மூன்று நாள் குழித்துறை வரைக்கும் தும்மல் ஓயவில்லையாம்,
துரையின் குதிரைகூடத் தும்மியதாம்.
இதில் இரண்டு கமிட்டிக்கும் சண்டையில்லை.
வடக்கே எழுதின பாடப்புத்தகத்தில்
அவன் பேர் இல்லை என்பதிலும்.
அதைச் சொல்லும்போது இருவருக்கும்
நெற்றியின் இடப்பக்கம் அதே நரம்பு புடைக்கும்.

படம் கேட்டேன்.
"அந்தக் காலத்துல எவன் படம் எடுத்தான்? நீதான் உண்டாக்கணும்."
எதிர் ஓட்டலில் பொறோட்டா வீசும் சோமாயை
ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தேன்.
ஜார்க்கண்டுக்காரன். உறுதியான தாடை, கையில் மைதா.
மீசை நான் வைத்தது:
தமிழனுக்கு முறுக்கி, மலையாளிக்குச் சற்றே படிய.
இங்கே தலைப்பாகை, அங்கே முன்குடுமி.
வாள் மட்டும் ஒன்றுதான்,
போன வருஷத்து ஓணம் பேனரிலிருந்து வெட்டியது.

பிறகு ஆண்டு.
கொல்லம் 984 என்று வாய்வழியாய் ஒரு கணக்கு.
சார் 824ஐக் கூட்டி 1808 என்கிறார்,
பிரபுல்லன் 825ஐக் கூட்டி 1809.
மாதம் தெரிந்தால் தீர்ந்துவிடும்.
மிளகு கிட்டங்கிக்கு வரும் காலத்தை வைத்துப் பிடிக்கலாம் என்று
என் கடையில் நின்றே இருவரும் போனில் கத்தினார்கள்.
மிளகோ தனுவிலும் காயும், மகரத்திலும் காயும்,
புத்தாண்டின் இரண்டு பக்கமும் பாயில் கிடக்கும்.

முப்பதாம் தேதி சாயங்காலம்
ரெக்கார்டு ஆபீசில் ரிட்டயரான லேயாள் மேடம்
ஒரு தாளை லேமினேட் செய்ய வந்தாள்.
சுவரில் காய்ந்துகொண்டிருந்த முகத்தைப் பார்த்தாள்.
"இந்தப் பேருல எங்கிட்ட ஒருத்தன் உண்டு" என்று
மறுநாள் ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்தாள்.
ஓலைக் கணக்கின் நகல்:
ஆதிச்சன். தெங்கு ரெண்டு, பிலாவு ஒண்ணு.
மரவரி பாக்கி. ஆள் இல்லை.
அவ்வளவுதான்.
எந்த மொழியில் இல்லாமல் போனான் என்று எழுதியிருக்கவில்லை.

சாரிடம் காட்டினேன்.
"இது வேற ஆதிச்சனாக்கும்."
பிரபுல்லசந்திரனிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சேச்சி, அது வேறெ ஆதிச்சன்."

ராத்திரி மழைக்குள் சோமாய் வந்து நின்றான்.
இரண்டு பக்கமும் தன்னைப் பார்த்தான்.
முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
"எங்க ஊர்லயும் ஒருத்தர் இருந்தார், அக்கா.
வெள்ளைக்காரன் மேல மொதல் அம்பு அவர்தான்."
எந்த வருஷம்?
"ரொம்ப முன்னாடி."
ஒரு சின்னது அடித்துத் தரச் சொன்னான், இரண்டுக்கு மூன்று.
வாளை எடுத்தேன்.
கோயில் கொடை கோப்பிலிருந்து ராமரின் வில்லை வைத்தேன்.
பேரை மூன்று முறை சொன்னான்,
கேட்டபடி தமிழில் அடித்தேன்.
சரியா என்றேன்.
தனக்கு இந்த எழுத்து தெரியாதென்றான்.

பிறகு திரையில் விரல் வைத்தான்,
விரல்நுனியில் மாவு.
"மீசையை எடுத்திடுங்க.
அவருக்கு மீசை கிடையாது."